கால்நடையால் வளர்ந்த ஊர்கள்

"நடராஜா சர்வீஸ்" என்ற சொல் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் செட்டில் அது அன்றாடப் புழக்கம். பஸ்ஸை விட்டுவிட்டால், பையில் சில்லறை இல்லாவிட்டால், அல்லது பேச்சு முடியாமல் நீண்டுகொண்டே போனால், யாராவது ஒருவன் "இன்னிக்கு நடராஜா சர்வீஸ்தான்டா" என்பான். கோட்டை வாசலில் ஆரம்பித்த பேச்சு லாங்கு பஜார் வழியாகப் போய், மண்டித் தெருவில் திரும்பி, ஒரு டீயில் முடியும். வேலூரைக் காலால் தெரிந்துகொண்டவர்களே நம் கல்லூரியில் அதிகம் என்றால் மிகையாகாது.

இப்போது நான் பெங்களூரில் சாலை, வடிகால் வேலைகளைப் பார்க்கும் ஒரு சிவில் எஞ்சினியர். வீட்டிலிருந்து சைட்டுக்கு 14 கிலோமீட்டர். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கார் இருக்கிறது, லோனும் இன்னும் மூன்று வருஷத்துக்கு இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தோன்றும்: பால், காய்கறி, பள்ளிக்கூடம், டாக்டர், ரயில், சினிமா எல்லாம் பத்து நிமிஷ நடையில் இருந்த ஓர் ஊரிலிருந்துதானே வந்தோம்?

எங்கள் துறையில் இப்போது 'காரில்லா நகர மையம்' என்று ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. நகரத்தின் நடுப்பகுதியை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டு, வண்டிகளை ஓரத்தில் நிறுத்திவிடுவது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இதைப் புதுக் கண்டுபிடிப்பு போலவே விளக்குகிறார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நம்ம வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உருவானதே அப்படித்தானே! எப்படி உருவாயின, பிறகு என்ன ஆயின என்பதைத் தெரிந்தவரையில் சொல்லிப் பார்க்கிறேன்.

கோட்டையின் கணக்கு

வேலூரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்... பட்டியல் இன்னும் நீளும். மீதியை மலரில் அச்சிட ஆசிரியர் குழு ஒப்புக்கொள்ளாது. இதில் சாமி இல்லாத குறை 1981-ல் தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பியது அந்த வருஷம்தான்.

16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக்குக் கட்டுப்பட்டிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை இது. பரப்பு 133 ஏக்கர். தொழில் புத்தி விடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 133 ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 730 மீட்டர். சாதாரண நடையில் நிமிஷத்துக்கு 80 மீட்டர் போகலாம். ஆக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 13 நிமிஷம். கோயில், மசூதி, பின்னாளில் 1846-ல் எழுந்த புனித யோவான் தேவாலயம், திப்பு மகால், ஹைதர் மகால் எல்லாம் இந்தப் பதின்மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கோட்டை கட்டியவர் நகரத் திட்டம் படித்தவரல்ல. காவல்காரன் கால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் மதிலும் போனது.

1806 ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை அடக்க ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். தூரம் சுமார் 25 கிலோமீட்டர். வேலூரில் தொடங்கிய போராட்டம் காலையிலேயே முடிந்துபோனதற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம். அன்றைக்கு ஊருக்குள் கால் கணக்கு, ஊருக்கு வெளியே குதிரைக் கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

கோட்டைக்குக் கிழக்கே வளர்ந்த பட்டணமும் அதே கால் கணக்கில்தான் வளர்ந்தது. லாங்கு பஜாரின் அகலத்தைப் பாருங்கள். இரண்டு மாட்டுவண்டிகள் உரசாமல் போகலாம். அதற்கு மேல் அதற்கு ஆசை இல்லை. பெயரிலேயே தொழிலைச் சொல்லும் காகிதப்பட்டறை, சுண்ணாம்புக்காரத் தெரு போன்ற இடங்களும் அப்படித்தான். வீட்டின் முன்பக்கம் தொழில், பின்பக்கம் குடும்பம், வாசலில் திண்ணை.

"வேலூர் வெயில்ல நடக்கிறதாவது!" என்பவர்களுக்கும் பழைய தெருவே பதில் வைத்திருக்கிறது. தெரு குறுகலாகவும் இருபுறமும் கட்டடம் உயரமாகவும் இருந்தால், உச்சி வேளை தவிர மற்ற நேரங்களில் ஒரு பக்கமாவது நிழல் விழும். கடைக்கு முன்னால் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு முன்னால் கீற்றுப் பந்தல், நடுவழியில் உட்காரத் திண்ணை. அறுபது அடி ரோட்டில் நடப்பவனுக்கு இந்த நிழல் கிடைக்காது. அகலமான ரோடுதான் முன்னேற்றம் என்று பாடப் புத்தகங்களில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் உறைத்தது.

ரயிலும் தோலும்

தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி, ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. அதாவது நம்ம ஊர்ப் பக்கம்தான்! அடுத்த ஆறே வருஷத்தில் பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை எட்டிவிட்டது. தோல் வியாபாரத்துக்கு அது பெரிய வரம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். 'கால்நடை' என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள்: ஆடு மாடும் கால்நடை, காலால் நடப்பதும் கால்நடை. பொய்கை செவ்வாய்ச் சந்தைக்கு மாடுகள் நடந்தே வந்தன. மாட்டுக்காரர்களும் நடந்தே வந்தார்கள். தோல், மண்டிக்கு வந்தது. மண்டியிலிருந்து தோல் ஷாப்புக்குப் போனது. நம் வட்டாரம் இரண்டு பொருளிலும் கால்நடையால் வளர்ந்த வட்டாரம்!

என் தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அங்கே 'ஷாப்' என்றுதான் பெயர். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவிக் காயவைத்தால் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று உலகச் சந்தையில் பேர்பெற்ற சரக்கு தயார். அதை ரயிலேற்றிச் சென்னை பெரியமேட்டுக்கு அனுப்புவார்கள்.

தாத்தாவின் உலகத்தை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்திருக்கிறேன். வீடு, ஷாப், கடைத்தெரு, பள்ளிக்கூடம், ரயில்வே ஸ்டேஷன். எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. மாதம் ஒருமுறை முதலாளி பாய் கூட சென்னைக்குப் போவார். ஆம்பூரில் நடந்துபோய் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பெரியமேடு. நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் போய் வரும் வியாபாரத்தில் இரண்டு முனையிலும் வண்டி கிடையாது! அவர் சைக்கிள்கூட வாங்கவில்லை. தேவைப்பட்டால் வாடகை சைக்கிள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஜட்கா.

மசூதித் தொழுகைக்கு நேரமானால் முதலாளியும் நடந்து வருவார், கணக்குப்பிள்ளையும் நடந்து வருவார், தோல் சுமப்பவரும் நடந்து வருவார். வழியில் மூன்று பேரும் பார்த்துக்கொள்வார்கள். சம்பள பாக்கி, பெண் கல்யாணம், பையனுக்கு ஒரு வேலை, எல்லாம் நடுத்தெருவில் பேசி முடிந்த சங்கதிகள். கார்க் கண்ணாடி ஏறியபிறகு அந்தப் பேச்சுக்கு அப்பாயின்ட்மென்ட் தேவைப்படுகிறது.

அந்த நடையின் இன்னொரு பக்கம்

இதுவரை படித்துவிட்டு, "ஆகா, அந்தக் காலம்!" என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். பழைய ஊரைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அந்தத் தெருக்களில் எல்லோரும் நடக்க முடியவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் பதனிட்ட தோல் லண்டன் வரை போயிற்று. அவர்கள் போகக்கூடாத தெருக்கள் தமிழகத்து ஊர் ஊருக்கும் இருந்தன. 'நடப்பதற்கு உரிமை' என்பது இந்த நாட்டில் போராடிப் பெறவேண்டியதாக இருந்தது. 1924 மார்ச் 30-ல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் எதற்காக? கோயிலைச் சுற்றியுள்ள ரோட்டில் நடப்பதற்காக! பெரியார் அதற்காகச் சிறை போனார். அதே 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, சாலை, கிணறு, குளம் ஆகியவை எல்லா வகுப்பாருக்கும் பொது, யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. காகிதத்தில் வந்தது காலுக்கு வர இன்னும் எத்தனை வருஷம் ஆயிற்று என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வரலாற்றை அறிந்தவன், நடைபாதையைச் சின்ன விஷயமாக நினைக்கமாட்டான்.

இரண்டாவது, வேலையும் வீடும் பக்கத்தில் பக்கத்தில் என்று இன்றைக்குப் புத்தகங்கள் புகழ்கின்றனவே, நம் ஊரில் அந்தப் பக்கத்து வேலை தோல் ஷாப். ஆவாரம்பட்டைக் காலத்தில் நாற்றம் இருந்தது, உப்பு இருந்தது. குரோம் வந்தபிறகு நிலைமை வேறு. 1970-களில் பச்சைத் தோல், அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் செய்து ஏற்றுமதி செய்யும் தொழில் வளர்ந்தது. பணம் வந்தது, வேலை வந்தது. கழிவுநீர் பாலாற்றுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 'கெடுத்தவனே செலவு செய்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது நம் பாலாற்றுக் கரை வழக்கால்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் நம் மாவட்டத்தின் பெயரைப் படிப்பது இதற்காகத்தான். பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

ஆகவே வேலை வீட்டை விட்டுத் தள்ளிப் போனது ஒருவகையில் அவசியம். கழிவு ஒருபக்கம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போனது. ஷூ கம்பெனிகள் நெடுஞ்சாலையோரம் போயின. ஆனால் அதோடு சேர்ந்து நடையும் போயிற்று. இதைத்தான் நாம் பிரித்துப் பார்க்கத் தவறினோம். தோல் தொட்டியை ஊருக்கு வெளியே அனுப்பியது சரி. கடைத்தெருவை வண்டிக்கு எழுதிக் கொடுத்தது எதற்காக?

வண்டி வந்த வரலாறு

வண்டியை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. நம் வட்டாரத்தில் காரின் கதை மிக நல்லவிதமாகத்தான் தொடங்கியது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909 வாக்கில் ஒரு பிரெஞ்சு பியூஜோ காரில் குடியாத்தம் ரோட்டில் போய், மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். நடக்க முடியாதவர்களைத் தேடிக்கொண்டு வண்டி போனது. காருக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியுமா?

பிறகு வந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. 1983 கடைசியில் மாருதி 800. என் அப்பா வாங்கிய டிவிஎஸ் 50-ல் நாங்கள் நான்கு பேரும் ஒரு காய்கறிப் பையும் போயிருக்கிறோம். அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன். பாலாற்றைத் தாண்டி ஆறேழு கிலோமீட்டர் காட்பாடிக்குப் போக வேண்டியவனுக்கு அது சிறகு.

தெருவில் நடந்த மாற்றத்தைத்தான் நாம் கவனிக்கவில்லை. வண்டியை வீட்டுக்குள் ஏற்ற வேண்டுமே? திண்ணையை இடித்தார்கள். இடித்த இடத்தில் சிமென்ட் சரிவு போட்டார்கள். சரிவு தெருவுக்குள் இரண்டு அடி நீண்டது. அடுத்த வீட்டுச் சரிவு அதைவிட ஓர் அடி அதிகம். நிழலும் போய், உட்கார இடமும் போய், ஓரமும் போய், நடப்பவன் தானாக நடுரோட்டுக்கு வந்து சேர்ந்தான். அங்கே வந்ததும் அவனைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள்! எந்த அரசாணையும் இல்லாமல், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் செலவில் கொத்தனாரை வைத்துச் செய்துமுடித்த மாற்றம் இது.

ஆம்பூரில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஊரைப் பிளந்துகொண்டு போகும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, தங்க நாற்கரத் திட்டத்தில் அகலமாயிற்று. லாரிக்காரருக்கு ஆம்பூர் என்பது பிரியாணி சாப்பிட ஒரு நிறுத்தம். ஊர்க்காரருக்கு அந்த ரோடு ஓர் ஆறு, பாலம் இல்லாத ஆறு. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். டிபன் பாக்ஸ் பையோடு கும்பல் கும்பலாகப் பெண்கள், ஷூ கம்பெனி வேலையை முடித்துவிட்டு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விரைகிறார்கள். உலகத்தின் பல நாடுகளில் மனிதர்கள் நிம்மதியாக நடப்பதற்கு ஷூ தைத்துக் கொடுத்த கைகள், ரோட்டைக் கடக்க ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இன்றும் நடப்பவர் யார்?

"எல்லாரும்தான் வண்டி வாங்கிட்டாங்களே, இப்ப யாருப்பா நடக்கிறா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சி.எம்.சி. வாசலில் காலை ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள் என்பேன். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளிலிருந்து வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் கையில் ஃபைலோடு நடந்து வருவதைக் காணலாம். அவர்களுக்காகவே வங்காளி எழுத்தில் போர்டு, மீன் குழம்புச் சாப்பாடு, வாரக் கணக்கில் தங்க அடுப்போடு கூடிய அறை. ஒரு மாதம் தங்கினாலும் அவர்களுக்கு வண்டி தேவைப்படுவதில்லை. ரூம், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, மார்க்கெட் எல்லாம் காலடியில். காரில்லா வாழ்க்கை என்று மேல்நாட்டார் கனவு காண்பதை, நம்ம வேலூர் நோயாளிகளின் குடும்பங்கள் தினமும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

எப்படி வாழ்கின்றன என்பதுதான் கேள்வி. ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆன ஒருவரை, ஒரு பக்கம் மனைவியும் ஒரு பக்கம் மகனும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்திவைத்த பைக்குகளுக்கும் ஓடுகிற ஆட்டோக்களுக்கும் நடுவே நடத்திக்கொண்டு போனதைப் போன பொங்கல் லீவில் பார்த்தேன். மூன்று பேர் சேர்ந்து நடக்க அங்கே இடமில்லை. மகன் முன்னால் போய் வண்டிகளைக் கையால் நிறுத்திக்கொண்டே வந்தான். இருநூறு மீட்டருக்கு அவர்களுக்குப் பிடித்த நேரம் எனக்குப் பெங்களூர் சிக்னலை ஞாபகப்படுத்தியது.

சாலை வடிவமைப்புக்கு ஐ.ஆர்.சி. 103 என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது அது. 1.8 மீட்டர் என்பது வேறொன்றும் இல்லை, இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போகிற இடம். அதே கணக்கில் இன்னொன்று: ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டருக்குமேல் வேண்டும். தரையில் கடை போடும் பூக்கார அம்மாவுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் தாராளம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பேர் பிழைக்கலாம். நாம் அந்த எட்டுப் பேரைத்தான் 'ஆக்கிரமிப்பு' என்கிறோம், காரை அல்ல.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ராயெட் என்ற கடைத்தெருவை 1962-ல் கார்களுக்கு மூடினார்கள். கடைக்காரர்கள் பெரும் எதிர்ப்பு. இந்தக் குளிர் நாட்டில் யார் தெருவில் நடப்பார்கள் என்று கேட்டார்களாம். (நம்ம ஆட்கள் வெயிலைச் சொல்கிறார்கள், அவர்கள் குளிரைச் சொன்னார்கள்!) அந்தத் தெரு இன்றைக்கும் நடைத்தெருதான், வியாபாரமும் அமோகம்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் டெல்லி சாந்தினி சௌக். லாங்கு பஜார் போலவே மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் கலந்து நெரியும் பழைய தெரு. செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டரைச் சீரமைத்து 2021-ல் திறந்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை என்று விதி. சரக்கு ஏற்றி இறக்க மற்ற நேரம். விதியை மீறுபவர்கள் அங்கேயும் உண்டு, போலீஸுக்கு ஓயாத வேலை என்றும் கேள்வி. ஆனால் ஒரு கோட்டை, அதன் எதிரே ஒரு பஜார், இரண்டுக்கும் நடுவே மனிதர்கள். இதைப் படிக்கும்போது எந்த ஊர் ஞாபகம் வருகிறது? சென்னையில் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் அகல நடைபாதையோடு திறந்தார்கள். கார் முழுதாகப் போய்விடவில்லை என்றாலும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலை வந்தால் வண்டிகளுக்கு மூடப்படுகிறது. பூட்டு, ஆணி எதுவும் இல்லை, சில தடுப்புக் கட்டைகள் மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்தது பஞ்சாபின் ஃபாசில்கா. பாகிஸ்தான் எல்லையோரச் சின்ன ஊர். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைவீதியைக் காரில்லாப் பகுதியாக்கினார்கள். 2008-ல் போன் செய்தால் வாசலுக்கு வரும் சைக்கிள் ரிக்‌ஷா ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் பாடு திண்டாட்டமாகவில்லை, ரிக்‌ஷாக்காரர்களுக்கும் சவாரி கிடைத்தது. இந்த வேலையை முன்னெடுத்தது அரசாங்கமல்ல. அந்த ஊர்ப் பட்டதாரிகள் நலச் சங்கம்! ஆம், நம்மைப் போன்ற ஒரு சங்கம்தான். வருஷத்துக்கு ஒரு பிரியாணி, ஒரு குரூப் போட்டோவோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

வேலூர் 2008-ல் மாநகராட்சியானது. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் இடம்பிடித்தது. சாலைகள் போடப்பட்டன, பஸ் நிலையம் புதிதாயிற்று. நல்லதே. லாங்கு பஜார் மட்டும் பழையபடியே இருக்கிறது. பஜாரில் நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் அண்ணாச்சியிடம் இந்த யோசனையைச் சொன்னேன். "தம்பி, ரோட்டை மூடினா என் கல்லாவையே மூடின மாதிரி" என்றார். சரி அண்ணாச்சி, காலையிலிருந்து உங்க கடைக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் கார்ல வந்தாங்க என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கார் எங்கப்பா இதுக்குள்ள வரும்? வந்தா நின்னுடும், அப்புறம் யாருமே வர முடியாது" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். சரக்கு லோடு எப்போது வரும், தொலைவிலிருந்து வரும் வாடிக்கையாளர் வண்டியை எங்கே விடுவார், ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் தடுப்புக் கட்டையை மட்டும் கொண்டுபோய் வைத்தால், ஒரே வாரத்தில் அதை அடுப்பெரித்துவிடுவார்கள்.

பதில் சொல்ல முடியும். லோடு இரவிலும் விடியற்காலையிலும். இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் பஜாருக்கு வெளியே நிறுத்துமிடம். நடுவில் மூன்றரை மீட்டர் எப்போதும் காலியாக, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும். வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் சாயங்காலம் மூன்று மணி நேரம். எஞ்சினியரிங்கில் இதைச் சோதனை ஓட்டம் என்போம்; சரியில்லை என்றால் கட்டையை எடுத்துவிடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் யோசனைக்கு முன்னால் எண்ணிக்கை வேண்டும். லாங்கு பஜாரில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை வண்டி போகிறது, எத்தனை வண்டி சும்மா நிற்கிறது? கையில் கணக்கு இல்லாமல் மாநகராட்சியிடம் போய் நின்றால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவே. இங்கேதான் மாணவத் தம்பி தங்கைகளின் உதவி தேவைப்படுகிறது. நான்கு பேர் கொண்ட ஆறு குழு போதும். எண்ணும் முறையையும் படிவத்தையும் நான் தயாரித்து அனுப்புகிறேன். சங்கத்திலுள்ள வியாபார நண்பர்கள் கடைக்காரர்களிடம் பேசட்டும். வக்கீல் நண்பர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும்.

முதல் வேலையாக, விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் கூடுவோம். பெரியார் பூங்காவைத் தொட்டுக்கொண்டு, நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் இறங்குவதைப் பார்த்துவிட்டு, லாங்கு பஜார், மண்டித் தெரு வழியாகச் சி.எம்.சி. வாசல் வரை. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. நான் அளவு டேப்பும் நோட்டும் கொண்டு வருகிறேன். எங்கெங்கே சரிவு தெருவுக்குள் நீண்டிருக்கிறது, எங்கே 1.8 மீட்டர் கிடைக்கும் என்று குறித்துக்கொண்டே போகலாம். குடும்பத்தோடு வரலாம், குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். வண்டியை வீட்டிலோ லாட்ஜிலோ விட்டுவிட்டு வந்தால் போதும். டீ என் செலவு.